வராதே என்று காட்டிய துணி

சுனாமி வந்து இரண்டு வருஷம் கழிந்த ஒரு வாடைக் காலத்தில், சாய்ந்தமருதுக் கடற்கரையில், எங்கள் ஓலைக் குடிலான வாடிக்கு முன்னால் நடந்தது இது. நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. எழுதிப் பழக்கமும் இல்லை. நடந்ததை நடந்த மாதிரியே சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரு தோணி இருந்தது. சுனாமிக்குப் பிறகு உதவியாகக் கிடைத்த பைபர் தோணி, பின்னால் எஞ்சின் பூட்டியது. அதில் மூன்று பேருக்குப் பங்கு. நான், என் மனைவியின் தம்பி, என் கூட்டாளி. மனைவியின் தம்பியை இதில் மச்சான் என்று சொல்கிறேன். கூட்டாளி கல்முனைப் பக்கத்துத் தமிழ் ஆள். என்னை எங்கள் முஸ்லிம் வழக்கப்படி அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவான். என் மனைவியை அக்கா முறையில் ராத்தா என்பான், மச்சான் கூப்பிடுகிற மாதிரியே.

வாடைக் காலத்தில் எங்கள் கரையில் அலை பொல்லாதது. கரைக்குக் கிட்ட வந்துதான் உடையும். கடலில் நிற்கிறவனுக்கு அலையின் முதுகு மட்டும்தான் தெரியும். முகம் கரையில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு தோணிக்கும் ஒரு ஆள் கரையில் நிற்க வேண்டும். அவர் அலையைப் பார்த்துத் துணி காட்டுவார். துணியை மேலும் கீழும் ஆட்டினால் வா. பக்கவாட்டில் ஆட்டினால் வராதே. கடலில் நிற்கிறவன் தன் கண்ணை நம்பக்கூடாது. துணியைத்தான் நம்ப வேண்டும். துணி காட்டுகிறவனும் பொய் காட்டக்கூடாது. சண்டைக்காரனுடைய தோணி வந்தாலும் உள்ளதைத்தான் காட்ட வேண்டும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அப்படித்தான் இருந்தோம்.

சுனாமி வந்த காலையில் நானும் மச்சானும் எங்கள் பழைய தோணியில் கடலில். கூட்டாளி கரையில். எங்களுக்குக் கடல் வழமைபோலத்தான் இருந்தது. தோணி ஒருக்கா உயர்ந்து இறங்கியது. அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் கரையைக் காணவில்லை. வாடிகள் இல்லை. தென்னைகள் தண்ணீருக்குள் நின்றன. மச்சான் எஞ்சினைக் கரைப்பக்கம் திருப்பினான். வீட்டுக்குப் போவோம், வீட்டுக்குப் போவோம் என்று கத்தினான். எனக்கும் அதே நினைப்புத்தான். என் பிள்ளைகள் அங்கேதானே இருந்தார்கள்.

அப்போது ஒரு தென்னையின் உச்சியில் ஒரு ஆள் தொங்கிக்கொண்டு நிற்பதைக் கண்டேன். சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அதைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே இருந்தான். வராதே. வராதே.

எங்களுக்கு முன்னால் கடல் தட்டையாகத்தான் கிடந்தது. நான் மச்சானின் கையைத் தள்ளிவிட்டு எஞ்சினை நிறுத்தினேன். அவன் என்னை அடித்தான். நான் விடவில்லை. கொஞ்சத்தில் இரண்டாவது அலை எங்களுக்குக் கீழால் போனது. கரைக்குக் கிட்டப் போய்த்தான் எழும்பியது. அதன் முதுகைப் பார்த்தோம். நாங்கள் போயிருந்தால் அதன் வாய்க்குள் இருந்திருப்போம்.

என் உம்மாவும் சின்ன மகளும் மௌத்தாகிவிட்டார்கள். கூட்டாளியின் தாயும் போய்விட்டாள். முதல் அலை வடிந்த நேரத்தில் அவன் மரத்திலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடியிருக்கலாம். இறங்கவில்லை. ஏன் என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் கடலுக்குள்ள நிண்டீங்களே காக்கா" என்றான்.



இனி அந்த வாடைக் காலத்துக்கு வருகிறேன். அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் யுத்தம் மறுபடி மூண்டிருந்தது. கடலுக்குப் போக நேரம் குறித்திருந்தார்கள். இருட்டில் தோணி தள்ளக்கூடாது. ஊருக்குள் வெள்ளை வேன் வரும். ஆளை ஏற்றும். போன ஆள் திரும்பி வருவதில்லை. யார் ஏற்றினார்கள் என்று கேட்கவும் ஆள் இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்வார்கள், அதுவும் மெதுவாகத்தான். வேன் ஒன்று தெருவில் மெல்லமாகப் போனால் வீடுகளில் ரேடியோவை நிறுத்துவார்கள். பிள்ளைகளை உள்ளே இழுப்பார்கள். இன்றைக்கும் ஒரு வேன் மெதுவாகப் போனால் என் கை தானாக ரேடியோவை நிறுத்தப் போகும்.

கூட்டாளியின் தம்பி முன்பு இயக்கத்தில் இருந்தவன். செத்துப் போய்விட்டான். ஆனாலும் அண்ணனைத் தேடினார்கள். அவன் வீட்டுக்குப் போவதை விட்டான். மனைவி பிள்ளைகளைச் சொறிக்கல்முனைக்கு, மாமனார் வீட்டுக்கு அனுப்பினான். அவன் எங்கள் வாடியில் படுத்தான். விடியக் கடலுக்குப் போய்விடுவான். கடலில் நிற்கிற நேரம்தான் நெஞ்சு இடிக்காமல் இருக்கிறது என்பான். முஸ்லிம் ஊர்க் கரையில் தமிழன் ஒருவன் படுத்துக் கிடப்பது அந்த நாளில் லேசான காரியம் இல்லை. எனக்கும் பயம்தான். ஆனாலும் போ என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் அங்கே படுப்பது எனக்கும் மச்சானுக்கும் என் மனைவிக்கும்தான் தெரியும்.

மச்சான் ஒருநாள் கல்முனைக் கடைத்தெருவுக்குப் போய் வெகுநேரம் சுணங்கி வந்தான். வந்தவன் சாப்பிடவில்லை. காய்ச்சல் என்று படுத்துவிட்டான். அடுத்தடுத்த நாளும் எழும்பவில்லை. உதடு வெடித்திருந்தது. சைக்கிளில் விழுந்ததாகச் சொன்னான். நாங்கள் நம்பினோம். ஏன் நம்பாமல் இருக்க வேண்டும்?

அவன் அப்படிக் கிடந்த ஒருநாள் விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு நான் கரைக்கு வந்தேன். கூட்டாளி வலையை ஏற்றிக்கொண்டிருந்தான். அலை பெரிதாக இருந்தது. மற்றத் தோணிகள் பெரும்பாலும் மணலில்தான் கிடந்தன. நானும் வருகிறேன் என்றேன்.

"வேணாம் காக்கா. அலையப் பாருங்க. துணி காட்ட ஆள் வேணும். காய்ச்சல்காரன எழுப்பி நிப்பாட்டினா அவன் அலைய எங்க பாக்கிற, மூக்கத்தான் சிந்துவான்."

"ஒத்தையாப் போய் என்னத்தப் புடிக்கப் போறாய்?"

"நான் புடிபடாம இருந்தாக் காணும்" என்றான். சிரித்தான். நானும் சிரித்தேன். அப்படியான பகிடிகள்தான் அந்த நாளில் எங்களிடம் இருந்தன.

தோணியைத் தள்ளிவிட்டேன். அலை தாண்டிப் போனான். கொஞ்சத்தில் ஒரு புள்ளிபோலத்தான் தெரிந்தான்.

நான் வாடியில் இருந்து கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தேன். பின்னால் தென்னைகளுக்குள் வாகனச் சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளை வேன். பக்கத்து வாடிகளில் நின்றவர்கள் ஒரு வார்த்தை கதைக்காமல் எழும்பிப் போனார்கள். ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே மணலில் வைத்துவிட்டுப் போனார். கரை வெறுமையானது.

நான்கு பேர் இறங்கினார்கள். ஐந்தாவதாக மச்சான் இறங்கினான்.

முதலில் அவனைப் பிடித்துக் கொண்டுவருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவனை யாரும் பிடித்திருக்கவில்லை. அவன்தான் முன்னால் நடந்தான். கையை நீட்டி எங்கள் வாடியைக் காட்டினான்.

என் கையில் இருந்த ஊசி மணலில் விழுந்தது. எடுக்கக் குனியவில்லை. 

அவர்களுக்குத் தலைவன் மாதிரி ஒருவன் சப்பாத்துப் போட்டிருந்தான். எங்கள் கரையில் சப்பாத்தோடு யாரும் நடப்பதில்லை. அவன் பேச்சும் எங்கள் பக்கத்துப் பேச்சு இல்லை. வாடிக்குள் வந்து என் பாயில் இருந்தான். துப்பாக்கியை வலைக்குக் கீழே வைத்தான்.

"ஆள் எங்கே?"

 மச்சான் கடலைக் காட்டினான்.

"எப்ப வருவான்?"

"துணி காட்டினாத்தான் வருவான்" என்றான் மச்சான். "இவர்தான் காட்ட வேணும். நான் காட்டினா அவனுக்குச் சந்தேகம் வரும். எனக்குக் காய்ச்சல் எண்டு தெரியும்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்று அப்போது விளங்கியது. தென்னையில் தொங்கிக்கொண்டு சட்டையை ஆட்டியவன் என்னை மட்டும் காப்பாற்றவில்லை. அந்தத் தோணியில் மச்சானும் இருந்தான். அவனைப் பார்த்தேன். அவன் வாடியின் ஓலைக் கிடுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சப்பாத்துக்காரன் என்னிடம் திரும்பினான்.

"வந்ததும் கூப்பிடு. எங்களுக்கு ஆள் வேணும், அவ்வளவுதான். அவன் வந்தால் நீ வீட்டுக்குப் போகலாம். வராட்டி உன்னுடைய வீடும் எங்களுக்குத் தெரியும். மச்சான்தான் சொன்னார்."

அவன் சத்தம் போடவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பிறகு காத்திருந்தோம். வெயில் ஏறியது. நேரம் போகவே மாட்டேன் என்றது. ஒருவன் பல்லுக் குத்தினான். ஒருவன் நண்டைக் கண்டு காலால் மிதித்தான். சப்பாத்துக்காரன் சப்பாத்தைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து மச்சான் என் காதுக்குக் கிட்ட வந்தான்.

"என்ட புள்ளைகளச் சொல்லி வெருட்டினாங்க மச்சான். வேற வழி தெரியல்ல."

  எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். கூட்டாளிக்கும் இருந்தார்கள்.

சாவு கிட்ட வந்தால் ஓதுகிற கலிமாவை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் மறந்துபோகும். திரும்பவும் தொடக்கத்தில் இருந்து வருவேன்.

அப்போதுதான் என் மனைவி வந்தாள். காலைச் சாப்பாடு கொண்டுவருகிற நேரம் அது என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். தலையில் முக்காடு, கையில் பிட்டும் மீன் ஆணமும். வேனைக் கண்டிருக்கிறாள். நடை மெதுவாகிவிட்டது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

வாடிக்குள் எட்டிப் பார்த்தவள் தம்பியைக் கண்டுவிட்டாள்.

"காய்ச்சல் எண்டு கிடந்தவன் இஞ்ச என்ன செய்யிறாய்?"

மச்சான் குனிந்துகொண்டு நின்றான்.

"மீன் வாங்க வந்தனாங்கள் தங்கச்சி" என்றான் சப்பாத்துக்காரன். "தோணி வரும் மட்டும் இருக்கிறோம். என்ன கொண்டு வந்திருக்கிறீங்க, நல்ல மணமாய் இருக்குது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கொடு என்று தலையை ஆட்டினேன். கொடுத்தாள்.  அவர்கள் பங்குபோட்டுச் சாப்பிட்டார்கள். துப்பாக்கியின் பிடி வலைக்கு வெளியே கொஞ்சம் தெரிந்தது. அவள் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

"உறைப்புக் கூடத்தான்" என்றான் ஒருவன். "காக்காவுக்கு இப்படித் தந்தால் கடலிலயா நிப்பார், வீட்டிலதான் நிப்பார்." மற்றவர்கள் சிரித்தார்கள்.

"நீ போ புள்ள" என்றேன்.

"தோணி வந்தா..." என்று தொடங்கினாள்.

"போ."

அவள் தம்பியை இன்னொரு முறை பார்த்தாள். அவன் நிமிரவே இல்லை. அவள் போய்விட்டாள். மணலில் அவள் செருப்புச் சத்தம் ஓய்கிற வரைக்கும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் புள்ளி தெரிந்தது. பிறகு தோணியாகத் தெரிந்தது. அலை உடைகிற இடத்துக்கு வெளியே வந்து நின்றான். வழமைபோல எஞ்சினைக் குறைத்துக்கொண்டு கரையைப் பார்த்தான்.

"போ, காட்டு" என்றான் சப்பாத்துக்காரன். மச்சானை வாடிக்குள்ளேயே தன் பக்கத்தில் இருத்திக்கொண்டான். கிடுகில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாகத் துப்பாக்கி என் முதுகைப் பார்த்தது. "மாற்றிக் காட்டினால் மச்சான் சொல்லுவார். அவருக்குத் தெரியும்."

நான் தோளில் கிடந்த துவாயை எடுத்துக்கொண்டு தண்ணீர் விளிம்புக்குப் போனேன்.

அந்த நேரம் பார்த்து அலை அடங்கியிருந்தது. காலையில் இருந்த கடலா இது என்றிருந்தது. எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடந்தது. ஒரு பிள்ளைகூடத் தோணியைக் கொண்டுவந்து ஏற்றும். உள்ளதைக் காட்டுவதென்றால் வா என்றுதான் காட்ட வேண்டும். என் வாழ்நாளில் நான் துணியில் பொய் காட்டினது இல்லை.

 என் வீடு, மனைவி, மிச்சமாக இருக்கிற பிள்ளைகள், எல்லாம் ஒன்றாக வந்தது. வா என்று காட்டினால் எல்லாம் முடிந்துவிடும். நானாகவா கூப்பிட்டேன், துப்பாக்கியை வைத்துக் கூப்பிட வைத்தார்கள் என்று சொல்லலாம். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். கை மேலும் கீழும் போகத்தான் எழும்பியது.

அவன் தோணியில் எழும்பி நின்றான். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு என் துணியைப் பார்த்தான். வேறு ஒன்றையும் அவன் பார்க்கவில்லை. வேன் தென்னைகளுக்குள் நின்றது. அது கடலில் இருந்து தெரியாது. அவனுக்கு என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

துவாயைப் பக்கவாட்டில் ஆட்டினேன். வராதே.

பின்னால் வாடிக்குள் சப்பாத்துக்காரன் கேட்டது எனக்குக் கேட்டது.

"இது என்ன?"

 குண்டு எங்கே படும் என்று நினைத்துக்கொண்டேன். கழுத்திலா, முதுகிலா என்று. துவாயை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவன் வந்துவிடுவான்.

மச்சானின் குரல் வரச் சுணங்கியது. பிறகு வந்தது.

"வரச் சொல்லுறார்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் காதை நான் நம்பவில்லை.

"வரச் சொன்னால் ஏன் நிக்கிறான்?"

"அலை பாக்கிறான். அப்படித்தான் நிப்பான். மறுகா வருவான்."

தோணி நின்றது. அவனுக்கு விளங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கடல் தட்டை. துணி வராதே என்கிறது. அவன் கடலைப் பார்த்தான். துணியைப் பார்த்தான். தோணியின் முன்பக்கம் ஒருமுறை கரைப்பக்கம் வளைந்தது.  கண்ணை நம்பாதே, துணியை நம்பு, துணியை நம்பு என்று மனதுக்குள் கத்தினேன். சுனாமி அன்று நான் நின்ற இடத்தில் அவன் நின்றான். அவன் நின்ற இடத்தில் நான் நின்றேன்.

எஞ்சின் சத்தம் ஏறியது. தோணி திரும்பியது. தெற்குப் பக்கம் பார்த்துப் போனது. திரும்பிப் பார்க்காமல் போனான்.

அவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் கடலை நோக்கிச் சுட்டான். அது எட்டாத தூரம். இன்னொருவன் துப்பாக்கிப் பிடியால் என் வலது மணிக்கட்டில் அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. மணலில் விழுந்தேன். கழுத்தில் ஒரு கால் ஏறியது. வாய்க்குள் மணல். எனக்குச் சப்பாத்தும் மச்சானின் வெறுங்காலும் மட்டும்தான் தெரிந்தன.

"இவன் என்ன காட்டினவன்? உண்மையைச் சொல்."

மச்சான் ஒரு சொல் சொன்னால் போதும். அவன் வீட்டுக்குப் போயிருப்பான். நான் அந்த இடத்திலேயே முடிந்திருப்பேன்.

"வரச் சொல்லித்தான் காட்டினார்" என்றான். "அவன் ஏன் வரல்ல எண்டு எனக்குத் தெரியா."

"அப்ப நீதான் எங்களை ஏமாத்தினனி. நீ அவனுக்கு முதலே சொல்லிப் போட்டாய்."

மச்சான் இல்லை என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. நான் கதைக்கப் பார்த்தேன். மூச்சே வரவில்லை. வெறுங்கால் மணலில் இழுபட்டுப் போனது. வேன் கதவு அடித்த சத்தம் கேட்டது. பிறகு கடல் சத்தம் மட்டும்தான்.

மச்சான் திரும்பி வரவில்லை.

நாங்கள் போகாத இடம் இல்லை. பள்ளிவாசல் பெரியவர்களும் வந்தார்கள். பொலிசுக்குப் போனோம். காம்ப் வாசல்களில் நின்றோம். அப்படி ஒருவரை நாங்கள் எடுக்கவில்லை என்றுதான் எல்லா இடத்திலும் சொன்னார்கள். மௌத்தானவருக்கு ஓதுகிற கத்தத்தை ஓதலாம் என்று சில சொந்தக்காரர்கள் சொன்னார்கள். என் மனைவி விடவில்லை. அவன் உடம்பை, மையித்தைக் காணாமல் ஓதக்கூடாது என்றாள். அவன் சட்டைகளை மடித்து வைத்தாள். நான் அவளிடம் வேன் வந்தது, பிடித்துப் போனது என்று மட்டும்தான் சொன்னேன். அவன் யாரோடு வந்தான் என்பதைச் சொல்லவில்லை. ராத்தாவாக இருந்து அவனை வளர்த்தவள் அவள்.

தோணி அக்கரைப்பற்றுக்குத் தெற்கே ஒரு கரையில் கிடந்ததாக ஆட்கள் சொல்லியனுப்பினார்கள். உள்ளே ஆள் இல்லை. பிடித்த மீன் அப்படியே அழுகிக் கிடந்தது.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் கூட்டாளி வந்தான். முடி நரைத்திருந்தது. தோணியை விட்டுவிட்டுச் சாகாமத்துப் பக்கம் வயலுக்குள்ளால் நடந்து, பிறகு மலைநாட்டுக்குப் போய்க் கூலிவேலை செய்ததாகச் சொன்னான். என் வலது கையைப் பார்த்தான். அது இன்னும் வளைந்துதான் இருக்கிறது.

"கடல் தட்டையாக் கிடந்திச்சு காக்கா" என்றான். "உங்களுக்குக் கண் தெரியல்லையோ எண்டு நினைச்சன். வரத்தான் வெளிக்கிட்டன்."

"பின்ன ஏன் வரல்ல?"

"துணி நிக்கல்லையே."

பிறகு கேட்டான், யார் காட்டிக் கொடுத்தது என்று. அவன் கேட்பான் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் வேனில் இருந்து இறங்கியதையும் சொன்னேன், வரச் சொல்லுறார் என்று சொன்னதையும் சொன்னேன்.  கூட்டாளி மணலைக் கையில் அள்ளி அள்ளிக் கொட்டினான். முகம் கல்லு மாதிரி இருந்தது. அவனுக்குக் கோபம் இல்லை என்று நான் எழுதினால் அது பொய். இத்தனை வருஷம் அவன் பிள்ளைகள் தகப்பன் இல்லாமல் வளர்ந்தார்கள்.

எழும்பிப் போகும்போதுதான் சொன்னான்.

"ராத்தாட்ட அந்தக் கடைசிக் கதைய மட்டும் சொல்லுங்க."

அன்று வீட்டுக்குப் போய் மனைவியை இருக்கச் சொன்னேன். உன்ட தம்பிதான் என்னையும் கூட்டாளியையும் காப்பாற்றினவன் என்றேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் வீட்டுக்கு வந்திருப்பான், சொல்லவில்லை என்றேன். அவள் அழவில்லை. அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"முந்தின கதையும் எனக்குத் தெரியும்" என்றாள். "சாப்பாடு கொண்டுவந்த அண்டைக்கு அவன் என்ட முகத்தப் பாக்கல்ல. களவு செஞ்சா சின்னதில இருந்து அவன் அப்படித்தான்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல்ல?"

"நீங்க சொல்லல்லையே."

பிறகு அவள் எழும்பி, மடித்து வைத்திருந்த சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டாள். அந்த வெள்ளிக்கிழமை கத்தம் ஓதினோம். கூட்டாளி வந்து வெளியில் கதிரையில் இருந்தான். சாப்பாடு வைத்தபோது எழும்பி உள்ளே வந்தான். எல்லோரும் சுற்றியிருந்து சாப்பிடுகிற தட்டில், எங்களோடு ஒரே சகனில் சாப்பிட்டான்.

இப்போதும் வாடைக் காலத்தில் நான்தான் கரையில் நிற்கிறேன். இடது கையால் துணி காட்டுகிறேன். கூட்டாளி கடலில் நிற்பான், அவனோடு மச்சானின் மூத்த மகனும் நிற்பான். அலை உடைகிற இடத்துக்கு வெளியே தோணி வந்து நின்று இரண்டு பேரும் என் கையைப் பார்க்கிற நேரத்தில், கடல் எவ்வளவு தட்டையாகக் கிடந்தாலும், எனக்கு முதலில் பின்னால் திரும்பித் தென்னைகளுக்குள் ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருக்கும். தன்னை நம்பிக் கடலில் நிற்கிறவனைக் காட்டிக் கொடுத்துவிட ஒரு நல்ல மனிதனுக்கு எவ்வளவு பயம் போதும் என்று அன்று கண்டவன் நான், அந்தப் பயம் தீராமலே மச்சான் அவர்களுக்கு எதிராகத் திரும்பி நின்றதையும் அன்றுதான் கண்டேன்.